வியாழக்கிழமை மாதிரி வகுப்பு: வாசிப்பை எப்படிப் பாடமாக நடத்துவது?

புதுவரவு: வணக்கம். கணவரின் வேலைக்காக வெளிநாடு வந்து 4 மாதம் ஆகிறது. ஊரில் 9 ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். இங்கே முதலாண்டு மாணவர்களுக்கு வாசிப்பும் படிக்கும் முறையும் சொல்லித்தரும் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை 20 நிமிடம் மாதிரி வகுப்பாம். கவிதையை வரிவரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியும். வாசிப்பையே எப்படி நடத்துவது? இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

எல்லைக்கல்: முதலில் விசாவைச் சொல்லுங்கள், சகோதரி. அமெரிக்காவின் ஹெச்-4 (துணைவர் விசா) என்றால், இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது.

மழைக்காகிதம்: ஏன் பயமுறுத்துகிறீர்கள்? நான் பிரிட்டனுக்கு வந்த இரண்டாம் மாதமே வேலைக்குப் போனேன். கணவரோடு வருபவருக்கான டிபெண்டன்ட் விசாவிலேயே அந்த உரிமை இருந்தது. ஆனால் வேலை தேடும்போது ‘ஸ்டடி ஸ்கில்ஸ்’ (படிக்கும் திறன்) என்று தேடுங்கள். ‘ரீடிங்’ என்று தேடினால் ரெடிங் என்ற ஊரின் வேலைகள்தான் வரிசையில் நிற்கும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஸ்பெல்லிங்!

பழைய வாத்தியார்: முதல் குளிர்காலம் முழுக்க நான் ஒரு நூலகத்தில் இரவில் புத்தகம் அடுக்கினேன். எம்.ஃபில். பட்டத்தை நீட்டியபோது, வாங்கிய பெண் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நம் பட்டம் வெளிநாட்டில் எதற்கு இணை என்று காட்டும் மதிப்பீட்டுச் சான்று இல்லாமல் எங்கும் போகாதீர்கள்.

கடலோரம்: மணிக்கணக்குச் சம்பள ட்யூட்டர் வேலைக்கு என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் துறையை நம்பி இறங்காதீர்கள். கலிபோர்னியாவில் 2017இல், மாணவர்களை முடிந்தவரை நேராகக் கல்லூரி நிலைப் பாடத்திலேயே சேர்க்கச் சொல்லும் ஏ.பி. 705 சட்டம் வந்தபின் பல சமுதாயக் கல்லூரிகள் அடிப்படை வகுப்புகளைக் குறைத்துவிட்டன. என்னுடைய இரண்டு வகுப்பும் போயின.

பழைய வாத்தியார்: இருந்தால் மட்டும் யார் படிக்கப்போகிறார்கள்? செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்குகிறார்கள். அந்தச் சுருக்கத்தையும் படிப்பதில்லை.

மழைக்காகிதம்: உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களும் உங்களைப் பற்றி இப்படித்தான் புலம்பியிருப்பார்கள், ஐயா.

நடுப்பக்கம்: வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். வாசிப்பைப் பற்றிப் பேசாதீர்கள், வாசிக்க வையுங்கள். இலக்கியம் வேண்டாம், முதலாண்டு உயிரியல் பாடநூலிலிருந்து துணைத்தலைப்புகள் உள்ள ஒரே ஒரு பக்கம் போதும். முதலில் தலைப்புகளையும் படத்தையும் மட்டும் பார்க்கட்டும். பிறகு தலைப்பைக் கேள்வியாக்கட்டும். ‘சிறுநீரகத்தின் பணி’ என்பது ‘சிறுநீரகம் எதை வெளியேற்றுகிறது, எதைத் திரும்ப உறிஞ்சுகிறது?’ என்று ஆக வேண்டும். அதற்கு விடை தேடிப் படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதட்டும். 1946இல் பிரான்சிஸ் ராபின்சன் வகுத்த எஸ்.க்யூ.3ஆர் முறையின் சாரம் இதுதான்.

இப்படி ஏன் என்று நேர்காணல் குழுவினர் கேட்பார்கள். 2013இல் உளவியலாளர் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு உத்திகளை எடைபோட்டதில், தன்னையே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்த பக்கத்தில் மஞ்சள் மை படாத வரி இரண்டுதான். மூடிவிட்டு, என்ன படித்தாய் என்றேன். “முக்கியமானது எல்லாம்” என்றாள்.

கடலோரம் சொல்வது உண்மை. ஆனால் வேலை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. மிசூரி-கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகம் 1973இல் தொடங்கிய முறையில், பலர் தோற்கும் பாடத்தை நன்றாக முடித்த மாணவரே அதற்குப் படிப்பு அமர்வு நடத்துகிறார். அந்த மாணவர்களைப் பழக்க ஆள் வேண்டும். உங்களுக்குத் தரப்போவது தனி வகுப்பா, பாடத்தோடு ஒட்டியதா, ஒருவருக்கு ஒருவர் உதவியா என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.

புதுவரவு: மிக்க நன்றி. சிறுநீரகத்தையே எடுத்துக்கொண்டேன். கணவரை மாணவராக உட்காரவைத்துப் பார்த்தேன். தாளைக் கவிழ்த்ததும் நான்கு வரி எழுதினார், அதில் ஒன்று தப்பு. வகுப்பில் இப்படி வந்தால் என்ன செய்வது?

நடுப்பக்கம்: நீங்கள் திருத்தாதீர்கள். தாளைத் திருப்பி, தப்பான வரியை அவரே கண்டுபிடிக்கட்டும். அதற்கென்று 3 நிமிடம் ஒதுக்கிவையுங்கள்.

எல்லைக்கல்: எல்லாம் சரி, எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லையே?