கெப்லர் 2018லேயே நின்றுவிட்டது. 2020ல் அதன் பெயரில் புதுக் கோள் எப்படி?

தேன்மொழி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் வகுப்பில் புறக்கோள்கள், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் பற்றிப் பேச்சு வந்தது. கெப்லர் விண்வெளித் தொலைநோக்கி எரிபொருள் தீர்ந்து 2018 அக்டோபரில் ஓய்வு பெற்றது என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி, "மிஸ், கெப்லர்-1649சி என்ற கோளை 2020ல் அறிவித்தார்கள் என்று படித்தேனே?" என்றாள். பழைய தரவிலிருந்து எடுத்திருப்பார்கள் என்றேன். அவள் விடவில்லை. "அப்படியென்றால் முதல் தடவையே ஏன் கண்ணில் படவில்லை?"

இன்னொரு பையனுக்கு வேறு சந்தேகம். பூமியின் ஆரம் சூரியனின் ஆரத்தில் 109ல் ஒரு பங்கு. அதை வர்க்கப்படுத்தினால், பூமி சூரியனைக் கடக்கும்போது மறையும் ஒளி பத்து லட்சத்தில் சுமார் 84 பங்கு என்று வருகிறது. இவ்வளவு சின்ன மாற்றத்தை அளந்தோம் என்றால் எப்படி நம்புவது என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. எங்கள் ஹைடெக் லேபில் பிள்ளைகளே செய்து பார்க்கும்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கேட்டை:

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கெப்லரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கெப்லர் கோள்களைப் படம் பிடிக்கவில்லை. அன்னம், யாழ் மண்டலங்களின் பக்கம் ஒரே திசையில் நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியை அரை மணிக்கு ஒரு தடவை குறித்து அனுப்பியது, அவ்வளவுதான். கோள் விண்மீனின் குறுக்கே போனால் ஒளி கொஞ்சம் குறையும். ஆனால் அந்த எண்களில் ஒளி குறைகிற இடங்களில் பெரும்பாலானவை கோளே அல்ல. விண்மீனின் சொந்த ஏற்ற இறக்கம், பின்னால் ஒளிந்திருக்கும் இரட்டை விண்மீன், கருவியின் கோளாறு என்று பல காரணங்கள். மனிதர்கள் உட்கார்ந்து பிரித்து முடியாது என்பதால் ரோபோவெட்டர் என்ற மென்பொருளிடம் விட்டார்கள். கெப்லர்-1649சி அதன் கையில் போலி என்று கழிக்கப்பட்டது. இப்படிச் சிலது தவறிப்போகும் என்று குழுவினருக்குத் தெரியும். அதனால் கழித்துப்போட்டதையெல்லாம் மறுபடி எடுத்துக் கண்ணால் பார்க்க ஒரு தனிக் குழுவே வைத்திருந்தார்கள். அப்படி மாட்டியதுதான் இது. பூமியைப் போல 1.06 மடங்கு பெரிது, சுமார் 300 ஒளியாண்டு தொலைவு, ஒரு செங்குறு விண்மீனை (சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) 19.5 நாளில் சுற்றி வருகிறது. பூமிக்குச் சூரியனிடமிருந்து கிடைக்கும் ஒளியில் முக்கால் பங்கு அதற்குக் கிடைக்கிறது.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அதே சந்தேகம் நாசாவுக்கே இருந்தது. கலிபோர்னியாவில் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த வில்லியம் பொரூகி இந்தத் திட்டத்தை 1992, 1994, 1996, 1998 என்று நான்கு தடவை கொடுத்தார். நான்கு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். கடைசி மறுப்பின்போது, இவ்வளவு நுட்பமான அளவீடு உண்மையிலேயே முடியும் என்று பரிசோதனைக் கூடத்தில் காட்டு என்றார்கள். அவர்கள் காட்டிய விதம் இருக்கிறதே, பிளஸ் டூ பாடத்துக்கு அப்படியே பொருந்தும். ஒரு உலோகத் தகட்டில் நுண்ணிய துளைகள் போட்டுப் பின்னாலிருந்து விளக்குப் போட்டார்கள். ஒவ்வொரு துளையும் ஒரு விண்மீன். சில துளைகளின் குறுக்கே மெல்லிய கம்பி. கம்பியில் கொஞ்சம் மின்னோட்டம் விட்டால் சூடேறி ஒரு இம்மி பருக்கும், அந்த அளவுக்கு ஒளியை மறைக்கும். பூமி அளவுக் கோள் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறையுமோ, வெப்ப விரிவை வைத்தே அதை உண்டாக்கினார்கள். கருவி ஆடினாலும் அதிர்ந்தாலும் சிசிடி என்ற ஒளியுணரும் சில்லு அதைக் கண்டுபிடித்தது. 2001ல் அனுமதி கிடைத்தது, 2009 மார்ச்சில் ஏவினார்கள். எனக்கு ராக்கெட் கிளம்பிய காட்சியைவிட அந்தக் கம்பிதான் பெரிய விஷயம்.

கணக்கும் எளிதுதான். ஒளித்துகள்களை எண்ணும்போது வரும் பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலம். 250 கோடி துகள் எண்ணினால் பிழை 50,000, அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. 12ஆம் ஒளியளவுள்ள, அதாவது வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான விண்மீனிலிருந்து கெப்லரின் 95 செ.மீ. துளைக்கு அவ்வளவு ஒளி சில மணி நேரத்தில் வந்துவிடும். பூமி போன்ற கோள் கடக்க 13 மணி நேரம் வரை ஆகும். எனவே பத்து லட்சத்தில் 84 என்பது அளக்கக்கூடிய எண்தான். காற்று மண்டலத்துக்கு வெளியே இருந்தால் மட்டும்.

மோட்டார் செந்தில்:

கேட்டை சார் சொன்னது முதல் நான்கு வருடக் கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. நான் மோட்டார், பேரிங் வேலையில் இருப்பவன், அதனால் சொல்கிறேன்.

தொலைநோக்கியைத் திசை மாறாமல் பிடித்துவைக்க நான்கு சுழல்சக்கரங்கள் இருந்தன. மூன்று போதும், ஒன்று உபரி. 2012 ஜூலையில் ஒன்று போனது, 2013 மே மாதம் இன்னொன்று. இரண்டை வைத்துக்கொண்டு மூன்று அச்சைப் பிடிக்க முடியாது. அங்கே போய் பேரிங் மாற்றவும் வழியில்லை, அது பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெயிலின் அழுத்தத்தையே மூன்றாவது சக்கரமாக்கினார்கள். சூரியத் தகடுகள் ஓட்டு வீட்டு முகடு மாதிரி இருபக்கமும் சரிந்திருக்கும். முகடு நேராகச் சூரியனைப் பார்த்தால் இரண்டு சரிவிலும் ஒளி ஒரே அளவில் தள்ளும், விண்கலம் உருளாது. அப்படியும் மெல்லச் சாயும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை உந்துகருவியை லேசாகத் தட்டி நிமிர்த்துவார்கள். இதுதான் 2014ல் ஆரம்பித்த கே2 திட்டம். 80 நாளுக்கு ஒரு திசை. கார்த்திகை மீன் கூட்டத்தைக்கூடப் பார்த்தது.

கேட்டை:

செந்தில் சொன்ன அந்த ஆறு மணி நேரத் தட்டு, தரவில் அப்படியே தெரியும் டீச்சர். கே2 ஒளி வரைபடத்தைத் திருத்தாமல் திறந்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். விண்மீனின் பிம்பம் ஒரு பிக்சலிலிருந்து பக்கத்து பிக்சலுக்கு நகர்கிறது, ஒவ்வொரு பிக்சலின் உணர்திறனும் கொஞ்சம் வேறு. ஆண்ட்ரூ வாண்டர்பர்க் மாணவராக இருந்தபோது, பிம்பம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே அந்தப் பற்களைக் கழித்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். கே2 ஆரம்பிக்கும் முன் சும்மா சோதனைக்கு எடுத்த ஒன்பது நாள் தரவில் ஒரே ஒரு ஒளிச் சரிவைப் பார்த்தார். எச்ஐபி 116454பி என்ற கோள் அதிலிருந்து வந்தது.

புதுக் கணக்குமுறை வந்தால் பழைய எண்களில் முன்பு தெரியாதது தெரிகிறது. கெப்லர்-90 என்ற விண்மீனின் எட்டாவது கோள் (Kepler-90i) 2017ல் கிடைத்ததும் அப்படித்தான். அதே வாண்டர்பர்கும் கூகுளில் இருந்த கிறிஸ்டோபர் ஷல்லுவும் நரம்பு வலையமைப்பு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றைப் பழக்கி எடுத்தார்கள். கெப்லர்-90 ஏற்கெனவே பலர் பார்த்த விண்மீன்.

வைகறை:

ஒளி குறைந்தாலே கோள் என்று எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? பின்னால் இருக்கும் இரட்டை விண்மீன் ஒன்றையொன்று மறைத்தாலும் இப்படித்தானே தெரியும்? கெப்லர் தரவில் 715 கோள் என்று ஒரே நாளில் நாசா அறிவித்தபோதே எனக்கு இது உறுத்தியது.

கேட்டை:

உறுத்த வேண்டியதுதான் வைகறை. அதனால்தான் முதலில் எதையும் வேட்பாளர் என்றே எழுதுவார்கள். ஒன்று விட்டு ஒன்றாகச் சரிவுகளின் ஆழம் மாறினால் இரட்டை விண்மீன். ஒளி குறையும் நேரத்தில் பிம்பத்தின் மையம் பக்கவாட்டில் நகர்ந்தால் குற்றவாளி பக்கத்து விண்மீன். பிரகாசமான விண்மீனாக இருந்தால் கோள் இழுப்பதால் அது தள்ளாடுவதைத் தரையிலிருந்து அளந்து கோளின் நிறையையும் பார்க்கலாம். 2014 பிப்ரவரியில் வந்த அந்த 715ம் 305 விண்மீன்களைச் சேர்ந்தவை. ஒரே விண்மீனில் பல சரிவுகள் வெவ்வேறு காலத்தில் வந்தால் அத்தனையும் போலியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற வாதத்தில் நின்றவை. நான் அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் தள்ளாட்டம் அளந்த கோளுக்கு இருக்கும் உறுதி அதற்கு இல்லை.

டீச்சர், லேபுக்கு: லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு இலவசம், கூகுள் கோலாபில் உலாவியிலேயே ஓடும். தரவும் எல்லோருக்கும் திறந்தது. எடுத்ததும் பூமி அளவுக்குப் போகாதீர்கள், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். கேஐசி (கெப்லரின் விண்மீன் பட்டியல்) 11446443 என்று தேடச் சொல்லுங்கள். அது கெப்லர்-1 என்ற விண்மீன். சரிவு ஒரு சதவீதத்துக்கு மேல், வரைபடத்தில் பார்த்த உடனே தெரியும். ஒரு காலாண்டுத் தரவு போதும்.

முதலில் எதையும் திருத்தாமல் வரையச் சொல்லுங்கள். நடுநடுவே இடைவெளி இருக்கும். மாதம் ஒரு தடவை ஆன்டெனாவைப் பூமி பக்கம் திருப்பித் தரவு அனுப்பிய நேரம் அது. அப்புறம் கோள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலம் 2.47 நாள் என்று கொடுத்து, வரைபடத்தை அந்த நீளத்துக்கு மடிக்கச் சொல்லுங்கள். எல்லாச் சரிவும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். காலத்தை நீங்கள் சொல்லாமல், அடுத்தடுத்த சரிவுகளுக்கு இடையே அவர்களே அளந்து எடுத்தால் இன்னும் நல்லது.

தேன்மொழி டீச்சர்:

ரொம்ப நன்றி சார். செந்தில் தம்பிக்கும் நன்றி. கம்பிப் பரிசோதனையை இந்த வாரமே சொல்லிவிடுகிறேன். கெப்லர்-1 முடித்ததும் அடுத்து என்ன கொடுக்கலாம்?

கேட்டை:

கேஐசி 10666592, அதாவது கெப்லர்-2. காலம் 2.2 நாள். இரண்டு மடித்த வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதன் அடி ஓரளவு தட்டையாக இருக்கும். கெப்லர்-1ன் அடி குறுகி, வி எழுத்துப் பக்கம் சாயும். இரண்டுமே வியாழன் வகைப் பெருங்கோள்கள், அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம் என்று கேளுங்கள். கெப்லர்-1ன் கோள் விண்மீனின் நடுவே போகாமல் ஓரமாக உரசிக்கொண்டு போகிறது. பதிலை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். வட்டம் வரைந்து பார்க்கட்டும், அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள்.