‘அம்மா வீடு’ குழுவில் இரண்டு நாள்

வியாழன்

வதனி: எல்லோரும் இதைப் பாருங்கள். ஞாயிறு அம்மாவின் ஆட்டைத்திவசம். வளவு முழுக்க முழங்காலுக்கு மேல் புல். நிரோஜன் காலையிலிருந்து புல்லு வெட்டுகிற மெஷினோடு நிற்கிறான், ஸ்ராட் வரவில்லை.

கலா லண்டன்: புடையன் பாம்பு கண்டதும் அங்கேதானே அக்கா?

வதனி: ஓம். கிணற்றடியில்.

கலா லண்டன்: ஐயோ

சிவா ரொறன்ரோ: நான் அனுப்பின மெஷினா? அது புதுசு.

ராசன்: நீ அனுப்பி ஆறு வருடம்.

துஷி: வான் கதைத்தாச்சு. கொழும்பிலிருந்து 11 பேர். சனி இரவு வெளிக்கிடுகிறோம்.

பாலன்: நிரோ, கயிற்றை இழுக்காதே. முதலில் சொல்லு, ராங்கில் என்ன விட்டாய்?

நிரோஜன்: பெற்றோல் மாமா. பைக்கிலிருந்து எடுத்தது.

பாலன்: ஓயில்?

நிரோஜன்: விடவில்லை

பாலன்: கையை எடு. இனி இழுக்கவே கூடாது. கவனமாகக் கேள். உன் பைக்குக்கு அடியில் தனியாக ஓயில் நிற்கிறது. இந்த மெஷின் இரண்டு ஸ்ட்ரோக், இதற்குள் அப்படி ஓயில் இல்லை. பெற்றோலோடு கலந்து போகிற ஓயில்தான் பிஸ்டனையும் பெயாரிங்கையும் காப்பாற்றுகிறது. வெறும் பெற்றோலில் எழும்பியிருந்தால் சில நிமிடத்தில் சூடேறிப் பிஸ்டன் பிடித்திருக்கும். பிறகு அது இரும்பு விலைக்குத்தான். ராங்கில் உள்ளதை முழுக்க வெளியே ஊற்று. அதைத் திரும்பப் பைக்கில் விடாதே, பழைய கசடு கலந்திருக்கும். புதுப் பெற்றோல் 1 லீற்றருக்கு 2ரி ஓயில், அதாவது இரண்டு ஸ்ட்ரோக் மெஷினுக்கான ஓயில், 20 மில்லி விட்டால் அது 50க்கு 1. 40 மில்லி விட்டால் 25க்கு 1. இந்த மெஷின் எதைக் கேட்கிறது என்று ராங்கின் மூடியில் பார், இல்லாவிட்டால் புத்தகத்தில் இருக்கும்.

நிரோஜன்: மூடியில் எழுத்து அழிந்துவிட்டது

சிவா ரொறன்ரோ: புத்தகம் பெட்டிக்குள்ளே வைத்துத்தானே அனுப்பினேன்.

வதனி: அந்தப் பெட்டியில் கோழி அடை கிடக்கிறது.

கலா லண்டன்: கோழியைக் கிளப்பிப் பாருங்கோ அக்கா

வதனி: நாளைக்குப் பொரிக்கிற நாள். தொடமாட்டேன்.

சிவா ரொறன்ரோ: மெஷினின் நம்பரைப் படம் எடுத்துப் போடு நிரோ. இங்கே தேடிப் பார்க்கிறேன்.

ராசன்: பெடியனை விட்டுவிட்டு ஒரு ஆளைக் கூலிக்குப் பிடித்தால் கத்தியால் அரை நாளில் முடியும்.

வதனி: ஆள் கிடைத்தால் நான் ஏன் இங்கே எழுதுகிறேன் அண்ணை. எல்லோரும் வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறார்கள்.

துஷி: வதனி மாமி, ஞாயிறு எங்கள் பக்கம் காலை 8 முதல் 5 வரை கரண்ட் நிற்கும் என்று ஒரு செய்தி வந்தது. உண்மையா?

வதனி: ஓம். லைன் வேலையாம்.

துஷி: அப்போது தண்ணீர் மோட்டர்? 40 பேருக்கு?

வதனி: அதைத்தான் சொல்ல வந்தேன். ஜெனரேற்றரும் எழும்பவில்லை.

சிவா ரொறன்ரோ: வாடகைக்கு எடுங்கள். காசு நான் போடுகிறேன்.

ராசன்: வீட்டில் ஒன்று இருக்க எதற்கு வாடகை? 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது அம்மாவுக்கு மின்விசிறி ஓட வேண்டும் என்று நான்தான் வாங்கினேன். அதில் பாதிக் காசு இன்னும் எனக்கு வரவில்லை.

சிவா ரொறன்ரோ: அண்ணை அது அப்போதே அனுப்பினேன். அக்காவிடம் கேளுங்கள்.

வதனி: அந்தக் காசு அம்மாவின் மருந்துக்குப் போனது. எல்லோருக்கும் தெரியும்.

கலா லண்டன்: இதைத் திரும்பத் திரும்ப ஏன்

பாலன்: ஜெனரேற்றரைக் கடைசியாக எப்போது ஓடவிட்டது?

வதனி: அந்த வருடம் ஆவணியோ புரட்டாதியோ. பிறகு சீலையால் மூடி வைத்தது.

பாலன்: பெற்றோலோடு?

வதனி: வரிசையில் நின்று எடுத்த பெற்றோல் அண்ணை. ஊற்ற மனம் வருமா?

பாலன்: அதுதான் கோளாறு. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த நேரம் ஒரு போத்தல் பெற்றோல் என்ன பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் பெற்றோல் ஒன்றிரண்டு மாதம் நின்றாலே இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது முருங்கைப் பிசின் மாதிரி இறுகும். மூடியைத் திறந்து மணந்து பார், வார்னிஷ் மணம் வரும். அந்தப் பிசின் காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டை அடைத்துவிடும். அதன் ஓட்டை ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. கம்பி விட்டுக் குத்தக்கூடாது, பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். கழற்றி கிளீனர் அடித்து, தூண்டில் நைலோனை விட்டு எடுக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. அடியில் ஓயில் குறைந்தால் பிளக்குக்கு நெருப்பு வராமல் வெட்டுகிற ஒரு சாமான் அதற்குள் இருக்கிறது. சமமான இடத்தில் வைத்து ஓயில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். ஓயில் இல்லாமல் நாள் முழுக்க இழுத்தாலும் எழும்பாது.

ராசன்: நீ வந்து பார்க்காமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறாய்.

பாலன்: நாளை வருகிறேன் அண்ணை. இன்றைக்குச் சுன்னாகத்தில் ஒருவரின் தண்ணீர் மெஷின் பிரித்தபடி கிடக்கிறது.

துஷி: சித்தப்பா, அப்பப்பாவின் தண்ணீர் மெஷின் மண்ணெண்ணெயில் ஓடும் என்று சொல்வீர்களே, இதையும் அப்படி ஓட்ட முடியாதா?

பாலன்: முடியாது பிள்ளை. அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த இயந்திரம். அமுக்கம் குறைவு, ராங்க் இரண்டு. பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது, ஏனென்றால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. 90களில் போர் நேரம், யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை. ஐயா ஒரு மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார், சிரிஞ்சியால் நாலைந்து சொட்டு விட்டு இழுப்பார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஓயிலைத் தண்ணீராக்கும். ஆகவே ஒவ்வொரு காலையும் ஓயிலை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். 1995 ஐப்பசி 30 இரவு, சண்டை நெருங்கி எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிடும்போது, அம்மா கத்திக்கொண்டு நிற்கிறா, ஐயா மெஷினடியில் குந்தியிருக்கிறார். ராங்க் இரண்டையும் வெறுமையாக்கி, பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு கரண்டி ஓயில் விட்டு, கயிற்றை மெல்ல ஒரு தரம் சுற்றி, சாக்கால் கட்டி வைக்கோலுக்குள் வைத்துவிட்டுத்தான் வந்தார். கைதடியில் ஆறு மாதம். திரும்பி வந்து இரண்டாவது இழுப்பில் எழும்பியது. நான்தான் இழுத்தேன்.

கலா லண்டன்: எனக்கு அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது

சிவா ரொறன்ரோ: அந்த மெஷின் இப்போது எங்கே?

பாலன்: அண்ணையிடம் கேள்.

ராசன்: 2003இல் விற்றது. கரண்ட் மோட்டர் போட்ட பிறகு அது எதற்கு? காசு வதனியின் கலியாணத்துக்குத்தான் போனது.

வதனி: சரி. ஐயருக்கு எத்தனை மணி சொல்வது?

வெள்ளி

நிரோஜன்: சிவா மாமா சொன்னார், 25க்கு 1. கலந்துவிட்டேன். பிளக் கழற்றினேன். காய்ந்து கிடக்கிறது.

பாலன்: காய்ந்தது என்றால் பெற்றோல் அங்கே வரவே இல்லை. ஈரமாக இருந்தால் நெருப்புப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். காபரேற்றருக்கு அடியில் உள்ள ரப்பர் குமிழை அமத்து. பெற்றோல் வருகிறதா?

நிரோஜன்: காற்றுத்தான் வருகிறது

பாலன்: ராங்குக்குள் போகிற குழாயை மெல்ல இழுத்துப் பார்.

நிரோஜன்: மாமா கையோடு வந்துவிட்டது. பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது.

பாலன்: அதுதான்! ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. நிரோ, இது நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது. குழாய் சரியாக இருந்திருந்தால் நேற்று நீ விட்ட வெறும் பெற்றோல் உள்ளே போய் இயந்திரம் ஓடியிருக்கும், ஓடி நாசமாகியிருக்கும். குழாயும் ராங்குக்குள் நிற்கிற சின்ன பில்டரும் நான் கொண்டு வருகிறேன். அதுவரை எயார் பில்டரின் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடு.

கலா லண்டன்: ஞாயிறு வீடியோவில் என்னையும் சேருங்கள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

துஷி: வடை வீட்டில் சுடுவதா கடையா?

வதனி: வீட்டில். அம்மாவுக்குக் கடை வடை பிடிக்காது.

ராசன்: மருதனார்மடத்தில் வாழையிலை சொல்லியாச்சு. 60.

வதனி: 40 பேருக்கு 60 ஏன் அண்ணை?

ராசன்: கிழிந்தது கழிந்தது.

நிரோஜன்: எழும்பிவிட்டது!!! ஆறாவது இழுப்பு

சிவா ரொறன்ரோ: சொன்னேனே நல்ல மெஷின்

கலா லண்டன்: சத்தத்தைப் போடு தம்பி

வதனி: நிரோ பொறு. நிப்பாட்டு. துளசி மாடத்துக்குப் பின்னால் அம்மாவின் கனகாம்பரம் நிற்கிறது. புல்லுக்குள் தெரியாது.

நிரோஜன்: நைலோன் நூல்தானே அம்மா போட்டிருக்கிறேன், கத்தி இல்லை

பாலன்: நைலோனும் இளந்தண்டைச் சீவிவிடும். வதனி, நீ போய் நாலு பக்கமும் தடி ஊன்றிவிடு. தடிக்கு உள்ளே கையால் பிடுங்குவோம். புடையன் கண்ட இடம், முதலில் நீளத் தடியால் தட்டு. நிரோ, கண்ணாடி போடாமல் தொடாதே. நீளக் காற்சட்டை, சப்பாத்து. எங்கள் வளவில் சுண்ணக்கல் துண்டு எங்கும் கிடக்கிறது, தெறித்தால் கண் போகும். 15 மீற்றருக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது, கோழிக்குஞ்சும் கூட.

வதனி: எட்டுப் பொரித்திருக்கிறது.

துஷி: படம் போடுங்கோ மாமி

கலா லண்டன்: கனகாம்பரம் அந்த மஞ்சளா?

வதனி: மஞ்சள்தான். நீ கலியாணத்துக்கு வைத்தது அதிலிருந்துதான்.

நிரோஜன்: கிணற்றடி முடிந்தது. பாம்பு இல்லை.

வதனி: தடி ஊன்றினேன். 11 கன்று நிற்கிறது, விதை விழுந்து முளைத்தது. நான் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

கலா லண்டன்: அக்கா

ராசன்: ஜெனரேற்றர் என்ன முடிவு?

பாலன்: ஓயில் அரைவாசிக்கும் கீழே. விட்டேன். நெருப்பு வருகிறது. காபரேற்றரின் கிண்ணத்தில் பச்சைப் பிசின், கிளீனரில் ஊறவிட்டிருக்கிறேன். சோக்கைப் போட்டுக் காற்றைக் குறைத்தால் எழும்புகிறது, சோக்கைத் தள்ளினால் நின்றுவிடுகிறது. ஜெட் இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. நாளைக்கு இன்னொரு தரம் கழற்றுகிறேன்.

ராசன்: விறாந்தையில் வைத்தால் வயர் எட்டும்.

பாலன்: விறாந்தையில் வேண்டாம் அண்ணை. புகையில் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். மாட்டுக் கொட்டில் பக்கம், புகைக்குழல் வீட்டுக்கு மறுபக்கம் பார்க்க வைப்போம். நீள வயர் நான் தருகிறேன். மோட்டரை நேரே அதில்தான் கொழுவ வேண்டும், வீட்டு பிளக்கில் திருப்பிக் கொடுக்கக்கூடாது. லைனில் வேலை செய்கிறவர்களுக்குக் கரண்ட் போகும்.

சிவா ரொறன்ரோ: வாடகைக்கும் ஒன்று சொல்லி வைப்போமா? காசு இப்போதே போடுகிறேன்.

ராசன்: நாளைப் பின்னேரம் வரை பார்ப்போம்.

வதனி: பின்னேரம் கேட்டால் கிடைக்குமா?

ராசன்: கிடைக்கும்

பாலன்: சனி இரவே கரண்ட் இருக்கும்போது தொட்டியை நிரப்பிவிடுங்கள். பீப்பாய் இரண்டையும் கழுவி வையுங்கள். திவசம் முடிந்து ஒருவரும் உடனே ஓட வேண்டாம், இரண்டு மெஷினின் ராங்கையும் வெறுமையாக்கிவிட்டுத்தான் நான் போவேன். நிரோ என்னோடு நிற்கட்டும்.

நிரோஜன்: சரி மாமா

துஷி: ஐயருக்கு மணி சொன்னீர்களா?

வதனி: பெரியண்ணை சொன்னார் என்று நினைத்தேன்

ராசன்: நானா?