புதுப்பிப்பு: மரக் கிட் ஸ்டேஷனின் சுவர்கள் நேராக நிற்கின்றன

அமெரிக்காவின் கொலராடோவில் ஓடிய 3 அடி நேரோ கேஜ் (குறுகிய தண்டவாள) ரயிலை 1:87 அளவில் மாதிரியாகச் செய்கிறேன்; அதற்கான மர ஸ்டேஷன் கிட்டில் சாயம் பூசும்போது சுவர் வளையாமலிருக்க என்ன வழி என்று கேட்டிருந்தேன். நான்கு சுவர்களும் முடிந்துவிட்டன.

தண்ணீர் பட்டால் மெல்லிய மரம் வளையும் என்பதால் தண்ணீர்ப் பெயின்ட் வேண்டாமென்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் (கருப்பு மை) கலந்து இரண்டு பக்கமும் பூசினேன். சீக்கிரம் காய்கிறது. கிட்டின் பாஸ்வுட் மரத்தின் ரேகைகளில் மை தங்கி, வெயிலில் வெளுத்த பழைய பலகையின் சாம்பல் நிறம் அருமையாக வந்திருக்கிறது. சாயம் முதலில், பசை அப்புறம்; பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

உட்புறம் ரேகைக்குக் குறுக்காகச் சதுரக் குச்சிகளை ஒட்டி, காயும்வரை கண்ணாடிமேல் வைத்துப் பாரம் ஏற்றினேன். இந்த யோசனையைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அடுத்து கூரை. கூரை ஓடு போன்ற மெல்லிய மரச்சில்லுகளைக் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும்.