தலையணைக்கு அடியில் ஆக்சிமீட்டர்

குழு: பாளை வீடு
8 ஜனவரி 2023, ஞாயிறு

[காலை 9:12] மீனா: எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் நல்ல இதய டாக்டர் யாரையாவது தெரியுமா? அம்மாவுக்கு நேற்று ராத்திரி திரும்பவும் நெஞ்சு படபடப்பு. மூச்சு முட்டுகிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது என்று ஒரே அழுகை. பொங்கலுக்காக வெள்ளிக்கிழமைதான் கோவையிலிருந்து வந்தேன். வந்த இடத்தில் இப்படி.

[9:20] சிதம்பரம்: என்னம்மா இது? ஆகஸ்டில்தானே மைனிக்கு ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தோம். நான்தான் கூடப் போனேன். ஒரு குறையும் இல்லை என்றார்களே.

[9:22] மீனா: அதோடு மூன்று தடவை ஆகிவிட்டது சித்தப்பா. மூன்று தடவையும் நார்மல். வாயுத் தொந்தரவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

[9:25] செல்வி: மீனா, எத்தனை மணிக்கு வந்தது? எவ்வளவு நேரம் இருந்தது?

[9:31] மீனா: ராத்திரி இரண்டு இருக்கும் அக்கா. கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. அப்புறம் விடியும் வரை அம்மா படுக்கவே இல்லை.
இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியில் ஆக்சிமீட்டர் கிடந்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்க 2021-ல் அப்பாவுக்கு வாங்கியது. பேட்டரி மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள். கூடவே ஒரு பழைய டைரி. தேதி, மணி, எண். 97, 98, 97, 97 என்று பக்கம் பக்கமாக. ராத்திரி 1.40, 2.15, 3.05. ஒரே நாளில் பன்னிரண்டு தடவைகூடப் பார்த்திருக்கிறாள்.

[9:33] செல்வி: எப்போதிலிருந்து?

[9:36] மீனா: முதல் பக்கம் ஜூன் 2021. நடுவில் நன்றாகக் குறைந்திருக்கிறது, வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். டிசம்பர் 22-லிருந்து திரும்பத் தினமும்.

[9:44] செல்வி: சீனாவில் மறுபடியும் கொரோனா என்று டிவியில் ஓயாமல் காட்டினார்களே, அந்த வாரம்தான். 27-ஆம் தேதி ஆஸ்பத்திரிகளில் ஒத்திகை வேறு நடந்தது. பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள்.

[9:58] செல்வி: மீனா, இதயத்தைப் பார்த்தது நல்லதுதான். நெஞ்சு வலி என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. நான் நர்ஸ், டாக்டர் இல்லை. ஆனாலும் நீ சொல்வதைக் கேட்டால் பீதித் தாக்கம் மாதிரி இருக்கிறது. பானிக் அட்டாக் என்பார்கள். உடம்பு ஆபத்து வந்துவிட்டதாக நினைத்து அட்ரினலினைக் கொட்டும். இதயம் தடதடக்கும், மூச்சு வேகமாக வாங்கும். அப்படி வாங்க வாங்க ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்துப்போவது அதனால்தான். ஆக்சிஜன் குறையாது. அதனால் மீட்டரில் 97-தான் காட்டும். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் மெதுவாக இறங்கிவிடும். பெரியம்மா நடிக்கவில்லை, கற்பனையும் செய்யவில்லை. அந்தப் பத்து நிமிடமும் செத்துப்போகப் போகிறோம் என்றுதான் இருக்கும்.

[10:05] சிதம்பரம்: மைனி எவ்வளவு தைரியசாலி. அண்ணன் போனபோதுகூட அழாமல் நின்றாள். கோயிலுக்கு ஒரு நடை போய்வந்து, மனதைத் திடமாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

[10:09] செல்வி: அப்பா, நெல்லையப்பர் கோயிலுக்கு நானே கூட்டிப்போகிறேன். உங்களுக்குச் சர்க்கரை வந்தபோது கோயிலுக்கும் போனோம், மாத்திரையும் வாங்கினோம். அதேபோல் இதற்கும் இரண்டும் வேண்டும்.
அழாமல் நின்றார்கள் என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை.

[10:24] மீனா: அக்கா, அம்மா அழுவதற்கு ஏது இடம்? 2021 மே மூன்றாவது வாரம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று வந்த வாரம். ஊரடங்கால் என்னால் கோவையிலிருந்து கிளம்ப முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் அப்பா வெறுங்காலோடு ஏறிவிட்டார். அம்மா செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதோடு சரி. அப்புறம் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கவரில் சுற்றி நேராக மின் மயானத்துக்கு. அம்மாவுக்கும் பாசிட்டிவ் என்பதால் பின்கட்டு அறையில் தனியாக இருந்தாள். துட்டி கேட்க ஒரு ஆள் வரவில்லை. பதினாறாம் நாளை வீடியோ காலில் பார்த்தோம், நடுவில் நெட் போய்விட்டது.
அந்தச் செருப்பு இன்னும் வாசல் அலமாரியில்தான் இருக்கிறது.

[10:31] சிதம்பரம்: ஆமாம் மீனா. தெரு முனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். அந்த நினைப்பு இன்றைக்கும் உறுத்துகிறது.

[10:40] செல்வி: கட்டிப்பிடித்து அழ நாலு பேர் வருவது வெறும் சம்பிரதாயம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது இல்லாத துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது.
பெரியம்மாவுக்கு மட்டும் இப்படி இல்லை. கொரோனாவின் முதல் வருடத்திலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலகம் முழுக்க 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் போன மார்ச்சில் சொன்னது. அதற்கு முன்னால் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 2020-ல் மட்டும் கூடுதலாக 7 கோடியே 60 லட்சம் பேருக்குப் பதற்ற நோய், 5 கோடியே 30 லட்சம் பேருக்கு மனச்சோர்வு என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கும், பெரியவர்களைவிட இளவயதினருக்கும் பாதிப்பு அதிகம்.

[10:52] முருகன்: செல்வி, நான் ஒன்று கேட்கலாமா? எனக்குப் படபடப்பு எதுவும் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. சாப்பாட்டில் ருசி இல்லை. அச்சகத்துக்குப் போய் ஷட்டரைத் திறந்துவிட்டு மிஷினைப் போடாமலே உட்கார்ந்திருக்கிறேன். 2020 சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு என்று சிவகாசியிலிருந்து கார்டு இறக்கியிருந்தேன். கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றான பின் பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்? வாட்ஸ்அப்பிலேயே படம் அனுப்பிவிட்டார்கள். பேங்க் கடனுக்கு ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைத்தார்கள், வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. இப்போது ஆர்டர் வருகிறது, கடனும் பாதி அடைந்துவிட்டது. எல்லாம் சரியாகி வருகிற நேரத்தில் எனக்கு ஏன் இப்படி?

[10:55] செல்வி: மாமா, நீங்கள் இதைச் சொன்னதே பெரிய விஷயம். ஓட வேண்டிய நேரத்தில் ஓடிவிட்டு, கொஞ்சம் நிற்கும்போது உடம்பும் மனசும் விழுவது நிறைய பேருக்கு நடக்கிறது. இரண்டு நிமிடத்தில் தனியாகக் கூப்பிடுகிறேன், எடுங்கள்.

[10:57] பாலா: அப்பா, என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை.
நானும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்து, பதினொன்றிலும் ஆல் பாஸ். என் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே போன மே மாதம் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுதான். வினாத்தாள் வாங்கியதும் கை நடுங்கி, பதிவெண்ணைத் தப்பாக எழுதினேன். இப்போது காலேஜில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

[11:00] மீனா: பாலா, இதையெல்லாம் உனக்குள்ளேயே வைத்திருந்தாயா? மைனி என்னிடம் சொல்லக் கூடாதா? சாயங்காலம் வீட்டுக்கு வா, பேசுவோம்.

[11:41] முருகன்: செல்வியோடு அரை மணி நேரத்துக்கு மேல் பேசினேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டாள். இல்லை என்றேன், உண்மையும் அதுதான். ஆனால் இந்த மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது.

[11:50] செல்வி: மாமாவும் நானும் பேசி முடித்துவிட்டோம், மனநல டாக்டரைப் பார்க்க வருகிறார். ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று போன அக்டோபர் 10, மனநல நாள் அன்று தொடங்கியது. பணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பாலா, நீயும் குறித்துக்கொள்.

[11:54] சிதம்பரம்: மன அழுத்தம் என்கிறார்களே, எல்லாருக்கும் அதுதானா?

[12:03] செல்வி: நாம் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம் அப்பா. டாக்டர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். 21 கேள்வி உள்ள ஒரு தாள் உண்டு. போன ஒரு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். ஏழு கேள்வி மனச்சோர்வுக்கு, ஏழு பதற்றத்துக்கு, ஏழு மன அழுத்தத்துக்கு. எதிலும் பிடிப்பில்லை என்பது ஒன்று, வாய் உலர்ந்து நெஞ்சு தடதடப்பது இன்னொன்று, சட்டென்று எரிந்து விழுவது வேறொன்று. நோய் இன்னது என்று அந்தத் தாளை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், டாக்டர் உட்கார்ந்து பேசுவார்.
இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தத் தாளை நானே நிரப்பியிருக்கிறேன்.

[12:05] சிதம்பரம்: நீயா?

[12:17] செல்வி: ஆமாம் அப்பா. உங்களிடம் சொல்லவில்லை, மன்னியுங்கள். கொரோனா வார்டில் இறந்தவர்களின் பொருட்களைப் பையில் போட்டுக் கட்டுவோம். ஒருநாள் கட்டிய பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் ‘வீடு’ என்று வந்தது. எடுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பிபிஇ உடைக்குள் வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் நின்றேன். அதற்கு அப்புறம் என் போன் அடித்தாலே உடம்பு உதறும். அதனால்தான் ரொம்ப நாள் சைலண்டில் வைத்திருந்தேன். கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று எல்லாரும் கோபித்தீர்களே, அப்போதுதான்.
ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அது தூக்க மாத்திரை இல்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆனது, அதுவரை பொறுமை வேண்டும். நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். கூடவே பேசுகிற சிகிச்சையும் இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

[12:26] சிதம்பரம்: என் பிள்ளை ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவும் பட்டிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லையே அம்மா.

[12:30] செல்வி: ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் புதன்கிழமை காலை போகலாம். அன்று எனக்கு விடுப்பு. முருகன் மாமா தென்காசியிலிருந்து வந்துவிடுவார். மீனா, பெரியம்மாவை நீ கட்டாயப்படுத்தாதே. ஆக்சிமீட்டரையும் பிடுங்கி வைக்காதே, டாக்டர் சொல்கிறபடி செய்வோம்.

[12:34] மீனா: அம்மா குழுவில் இருக்கிறாள் அக்கா. படித்திருப்பாள். அடுப்படியில் இருக்கிறாள், எதுவும் பேசவில்லை.

[மதியம் 1:48] கோமதி: எல்லாம் படித்தேன். கண்ணாடி தேடி எடுக்க நேரமாகிவிட்டது.
செல்வி, நீ போனை எடுக்கவில்லை என்று உன்னைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. மனதில் வைக்காதே தாயி.
முருகா, காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், இட்லி வைக்கிறேன்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்? டைரியையும் கொண்டுவரட்டுமா?

[1:50] செல்வி: எட்டு மணிக்கு வருகிறேன் பெரியம்மா. கொண்டுவாருங்கள்.