முல்லைத்தீவில் மீன் குளிரறை: பழைய ஆர்-22 காஸைத் திறந்துவிடலாமா?

கரைத்துறை:
வணக்கம். கடலுக்குக் கிட்ட சின்ன மீன் குளிரறை ஒன்று வைத்திருக்கிறேன். பழைய மெஷின், ஆர்-22 காஸ். கொஞ்ச நாளாகக் குளிர் பிடிக்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "உள்ளே இருக்கிறதைத் திறந்துவிட்டுப் புதிதாக அடிப்போம்" என்கிறார். அந்தக் காஸ் ஓசோனை அழிக்கும், விடவே கூடாது என்று ஓ.எல். படிக்கும் மகள் மறித்துக்கொண்டு நிற்கிறாள். பெரிய தொழில் நகரங்களில் தொன் கணக்கில் விடுகிறவர்களை யார் பிடிக்கிறார்கள்? வன்னியில் என்னுடைய சில கிலோவால் என்ன வந்துவிடப் போகிறது?

பரந்தன் குளிரூட்டி:
அண்ணை, மகள் சொல்வதுதான் சரி. திறந்துவிட விடாதேங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இதே வேலைதான் செய்கிறேன், அதனால் மெஷினிலிருந்தே தொடங்குகிறேன்.

லீக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்க்கிற வேலை. செப்புக் குழாயைப் பூட்டியிருக்கும் பிளேர் நட்டைப் பாருங்கள். அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசு கறுப்பாக அப்பியிருந்தால் லீக் அங்கேதான். காஸ் போகும்போது கொம்பிரசர் எண்ணெயையும் இழுத்துக்கொண்டுதான் போகும். கடற்கரையில் இன்னொரு இடமும் இருக்கிறது: சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் குழாய் வளைவுகள். உப்புக் காற்றில் பச்சை பூத்து ஊசித்துளை விழும். சவர்க்கார நுரை தடவினால் குமிழி எழும்பும்.

லீக்கைக் கண்டபிறகு, மிச்சமிருக்கும் காஸை ரிக்கவரி மெஷினால் சிலிண்டருக்குள் இழுத்தெடுக்க வேண்டும். லீக்கை ஒட்டி, வக்கூம் போட்டு உள்ளிருக்கும் காற்றை இழுத்தெடுத்து, அதே காஸ் சுத்தமாக இருந்தால் திரும்ப ஏற்றலாம். உங்களுக்கும் காசு மிச்சம்.

ஆர்-22 விலை ஏறுவதற்கும் காரணம் இருக்கிறது. ஓசோனைக் காக்க நாடுகள் செய்த மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி எங்களைப் போன்ற நாடுகள் ஆர்-22 வகைக் காஸை 2020இல் 35 சதவீதம், 2025இல் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும். 2030க்குப் பிறகு பழைய மெஷின்களைத் திருத்த மட்டும் கொஞ்சம் கிடைக்கும். ஆர்-22 ஓசோனைக் கெடுப்பது, ஆர்-11 என்ற பழைய குளிரூட்டிக் காஸ் கெடுப்பதில் பதினெட்டில் ஒரு பங்குதான். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோ, கிட்டத்தட்ட 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சில கிலோ என்று லேசாகச் சொல்லாதேங்கோ.

வவுனியா ரீச்சர்:
யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். காற்றே காட்டிக்கொடுத்த கதை ஒன்று இருக்கிறது. ஆர்-11 உற்பத்தி 2010இலேயே உலகம் முழுக்க நின்றிருக்க வேண்டும். ஆனால் 2012க்குப் பிறகு காற்றில் அதன் அளவு குறையும் வேகம் மந்தமாகிவிட்டது. யாரோ களவாகச் செய்கிறார்கள் என்று 2018இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் காற்றை விடாமல் அளந்துகொண்டே இருக்கிறார்கள். எந்தத் திசைக் காற்று வரும்போது ஆர்-11 கூடுகிறது என்று கணக்குப் போட்டு, 2019இல் கிழக்குச் சீனாவின் ஷான்டொங், ஹெபெய் மாகாணங்களைக் காட்டினார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 தொன் கூடுதலாக வந்திருந்தது. குளிர்காப்பு நுரை செய்யும் ஆலைகளில் நுரையை ஊதிப் பெருக்க அதைப் பாவித்தது வெளியே வந்தது. சீன அரசு சோதனை போட்டு இறுக்க, 2019இலேயே அளவு நன்றாக இறங்கிவிட்டது. அந்த நுரைதான் உங்கள் குளிரறைச் சுவருக்குள்ளும் இருப்பது என்பதால் இதை விரிவாகச் சொன்னேன்.

ஆனையிறவான்:
குறுக்கே ஒரு சந்தேகம். அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து அங்கே குளோரின் எடுத்தார்கள். ஓசோனை அழிப்பதும் குளோரின்தானே? அந்தத் தொழிற்சாலையும் கெடுத்ததா?

வவுனியா ரீச்சர்:
இல்லை தம்பி. குளோரின் வாயு தாழ்வான காற்றிலேயே சிதைந்து, நீரில் கரைந்து மழையோடு இறங்கிவிடும். மூக்குக்கும் நெஞ்சுக்கும் ஆபத்து, ஓசோனுக்கு இல்லை. ஆர்-11 போன்றவை கரையவும் மாட்டா, லேசில் உடையவும் மாட்டா. அதனால்தான் ஓசோன் இருக்கும் உயரம்வரை போய்ச் சேர்கின்றன. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுகின்றன. அந்த ஒரு அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும்.

கரைத்துறை:
விளங்குது. மெக்கானிக்கை நிற்பாட்டிவிட்டேன். இந்த மெஷின் சரிவராவிட்டால் புதிதாக எதை வாங்குவது?

பரந்தன் குளிரூட்டி:
குளிரறைக்கு ஆர்-404ஏ என்றுதான் கூடுதலாகக் காட்டுவார்கள். ஓசோனுக்குக் கேடில்லை, ஆனால் சூடாக்குவதில் ஆர்-22ஐ விட இரண்டு மடங்குக்கு மேல். சின்ன அறை என்றபடியால் ஆர்-290 மெஷின் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். அது புரொப்பேன், தீப்பற்றும். அதற்கென்றே செய்த மெஷினில்தான் போட வேண்டும். மலிவு என்று யாராவது உங்கள் பழைய ஆர்-22 மெஷினுக்குள் அதை ஏற்ற வந்தால் விடவே வேண்டாம்.

திருத்த வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரிக்கவரி மெஷின் இருக்கிறதா? பிரஷர் பார்க்க நைதரசன் கொண்டுவருகிறாரா? ஒட்சிசன் சிலிண்டரை மெஷினில் பூட்டப் போனால் உடனே மறியுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.