வாரங்களின் பண்டிகை 2026: மே 22-ஆ, 24-ஆ? வீட்டில் இரண்டு அப்பம் சுடுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். யாத்திராகமம் 23:16 சொல்லும் அறுப்புக்கால பண்டிகையை, அதாவது வாரங்களின் பண்டிகையை (ஷாவூஓத்), இந்த ஆண்டு வீட்டில் ஆசரிக்க விருப்பம். யூத நாட்காட்டி மே 22 என்கிறது. ஓய்வுநாள் ஆசரிக்கும் சில சபைகள் மே 24 என்கின்றன. எது சரி, ஏன் இந்த வேறுபாடு? லேவியராகமம் 23:17-ன் இரண்டு அப்பங்களை வீட்டு அவனில் சுட முடியுமா? மாவு எவ்வளவு? வயலும் ஆலயமும் இல்லாத நாம் அதிகாரத்தின் மற்ற வசனங்களை என்ன செய்வது?

பதில் 1

சகோதரரே, குழப்பம் முழுவதும் லேவியராகமம் 23:15-ன் "ஓய்வுநாளின் மறுநாள்" என்ற சொல்லில் இருக்கிறது. கதிர்க்கட்டை அசைவாட்டிய அந்த மறுநாள்தான் முதல் நாள். அங்கிருந்து ஐம்பதாம் நாள் பண்டிகை.

பரிசேயர் மரபில் இங்கே ஓய்வுநாள் என்பது புளிப்பில்லா அப்பப் பண்டிகையின் முதல் நாளான நிசான் 15 (நிசான் யூத நாட்காட்டியின் ஒரு மாதம்). இந்த ஆண்டு அது ஏப்ரல் 2, வியாழன். எனவே ஏப்ரல் 3 முதல் நாள், மே 22 வெள்ளி ஐம்பதாம் நாள். இன்றைய யூதர்கள் பெரும்பாலோர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். சதுசேயரைச் சேர்ந்த பிரிவினர் அதை வாரத்தின் சனிக்கிழமை என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஏப்ரல் 5 ஞாயிறு முதல் நாள், மே 24 ஞாயிறு ஐம்பதாம் நாள். சமாரியரும் காராயரும் (எழுதப்பட்ட வேதத்தை மட்டும் ஏற்கும் யூதப் பிரிவினர்) இன்றும் ஞாயிறன்றுதான் ஆசரிக்கிறார்கள். எத்தியோப்பிய யூதர்கள் ஏழு நாள் பண்டிகை முழுவதும் முடிந்த பிறகே எண்ணத் தொடங்கும் வழக்கம் உள்ளவர்கள், ஆகவே அவர்களுக்கு இன்னும் தள்ளிப் போகும். வசனம் ஒன்றே, வாசிப்புதான் வேறு. எதைப் பின்பற்றினாலும் தொடக்க நாளையும் அதே மரபிலிருந்து எடுங்கள். ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடித்தால் 48 அல்லது 52 வந்து நிற்கும்.

இன்னொரு பிழை: "ஞாயிறிலிருந்து ஐம்பது நாள்" என்று ஞாயிறை விட்டுவிட்டு எண்ணினால் திங்கள்கிழமை வரும். ஓய்வுநாள் ஆசரித்த உலகளாவிய தேவ சபை (Worldwide Church of God) 1974 வரை திங்களன்றே பெந்தெகொஸ்தே, அதாவது இதே பண்டிகையை, ஆசரித்து, அந்த ஆண்டுதான் ஞாயிறுக்கு மாற்றியது. தொடக்க நாளையே ஒன்று என்று எண்ண வேண்டும்.

யூத வழக்கப்படி இந்த நாட்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணுவார்கள். எண்ணுவது இரவில், நட்சத்திரம் தெரிந்தபின். நாளையும் வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "இன்று பதினேழு நாள், அதாவது இரண்டு வாரமும் மூன்று நாளும்." இரவில் மறந்தால் மறுநாள் பகலில், எண்ணுமுன் சொல்லும் ஆசீர்வாதத்தைச் சொல்லாமல் எண்ணிவிட்டு, அடுத்த இரவு வழக்கம்போலத் தொடரலாம். பகலும் தவறிப்போனால் மீதி நாட்களை ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணுவார்கள். நீங்கள் எண்ணுமுன் யாராவது "இன்று எத்தனை?" என்று கேட்டால், "நேற்று பதினாறு" என்று சொல்லுங்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் அதுவே எண்ணியதாகிவிடும்.

பதில் 2

அப்பத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். ஓர் அப்பத்துக்கு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஓமர் (யாத். 16:36). இன்றைய அளவில் அதை ஏறக்குறைய 2.5 லிட்டர், மாவாக 1.67 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். மிஷ்னா (யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பு) தரும் அளவு ஏழு கைப்பிடி நீளம், நான்கு கைப்பிடி அகலம். கைப்பிடிக்கு 8 செ.மீ. வைத்தால் 56-க்கு 32. வீட்டு அவனில் இது நுழையாது. ஆகவே ஒரு ஓமர் மாவையே இரண்டு அப்பமாக்குங்கள்.

கோதுமை மாவு 1.67 கிலோ, தண்ணீர் 950 மி.லி., எண்ணெய் 120 மி.லி., சர்க்கரை 80 கிராம், உப்பு 30 கிராம், உலர் ஈஸ்ட் 15 கிராம். ஆட்டா என்றால் தண்ணீர் இன்னும் 100 மி.லி. வரை இழுக்கும். மே மாத வெயிலில் குளிர்ந்த தண்ணீரே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, அவனுக்குள் போனதும் அமுங்கிவிடும். மிஷ்னாவின்படி இரண்டையும் தனித்தனியாகப் பிசைந்து தனித்தனியாகச் சுட வேண்டும். ஆனால் பாதி பாதியாகப் பிசைந்தால் மாவில் ஒரு துண்டைப் பிரித்தெடுக்கும் சடங்குக்கு (ஹல்லா) அளவு போதாது. அதற்கு இரண்டு உருண்டைகளையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தொட வைத்து, நெல்லிக்காய் அளவு கிள்ளி, அலுமினியத் தாளில் சுற்றி எரித்துவிடுவார்கள்.

மாவு இரு மடங்கு பொங்கியதும் 30 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலத்தில் தட்டையாக வடித்து, 40 நிமிடம் விட்டு, 190 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் சுடுங்கள். உருண்டையாக வடித்தால் மேலே கருகி நடுவில் களியாக நிற்கும். 25 நிமிடத்தில் மேலே தாள் மூடுங்கள். அடியில் தட்டினால் வெற்றுப் பானைபோலச் சத்தம் வர வேண்டும்.

முக்கியமாக, பண்டிகையன்று சுட வேண்டாம். ஆலயத்திலும் முந்தின நாளே சுட்டார்கள். இது புளித்த அப்பம், பலிபீடத்தில் ஏறியதே இல்லை (லேவி. 2:12). ஆசாரியர்கள் சாப்பிட்டார்கள். எனவே வீட்டில் இதைப் படைக்கவோ எரிக்கவோ கூடாது. மேசையில் வைத்துப் பிட்டுச் சாப்பிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மே 22 என்றே முடிவு செய்திருக்கிறோம். மறுநாள் சனி ஆயிற்றே, சமையல்? பால் உணவு கட்டாயமா? மேசையில் திராட்சை, மாதுளை வைத்து அலங்கரிக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில் 3

பண்டிகை நாளில் சமைக்கலாம், ஆனால் புது நெருப்பு மூட்டக்கூடாது. பண்டிகை வியாழன் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால், அதற்கு முன்பே நீண்ட நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்து, அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வெள்ளியன்று ஓய்வுநாளுக்காகச் சமைக்க, வியாழனே ஒரு ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைப்பார்கள் (ஏருவ் தவ்ஷீலின்). ஓய்வுநாள் சமையல் முந்தின நாளே தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சனிக்கிழமை சாப்பிடும்வரை அந்த முட்டையைத் தொடாதீர்கள்.

பால் உணவு வழக்கம்தான், கட்டளை அல்ல. முதலில் பால்கோவாவோ சீஸ் கேக்கோ சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, மேசை விரிப்பை மாற்றி, பிறகு இறைச்சி. யூத முறையில் பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது என்பதால், பால் மேசையில் வைத்த அப்பத்தை இறைச்சிக்கு எடுக்கக்கூடாது, வேறு அப்பம் வேண்டும். அந்த இரண்டு அப்பங்களே ஆலயத்தின் இரண்டு அப்பங்களுக்கு நினைவு என்று 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் யூதச் சட்ட அறிஞர் ரெமா எழுதினார். எனவே பதில் 2-ல் உள்ள மாவில் தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றிவிடாதீர்கள்.

திராட்சையும் மாதுளையும் இஸ்ரவேல் நாட்டில் பொதுவாக இந்தக் காலத்தில் பழுப்பதில்லை. இது கோதுமை அறுப்பு. வாற்கோதுமை பஸ்காவை ஒட்டியும் கோதுமை அதற்கு ஏழு வாரம் கழித்தும் முற்றுகிறது. கோதுமைக் கதிரும் பச்சைத் தழையும் போதும். நம் சபைகளில் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையோடு இதைக் குழப்ப வேண்டாம்.

அலங்காரத்தைவிட லேவியராகமம் 23:22-ஐப் பாருங்கள். பண்டிகைகளைச் சொல்லிக்கொண்டே வரும் அதிகாரம் இங்கே நின்று, வயலின் ஓரத்தையும் சிந்தின கதிரையும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடச் சொல்கிறது. யூத ஜெப ஆலயங்களில் இந்த நாளில் ரூத் புத்தகம் வாசிக்கும் வழக்கத்துக்கு ஒரு காரணமும் இதுதான். அவள் பொறுக்கினது இப்படி விடப்பட்ட கதிரை. மிஷ்னா குறைந்த அளவாக அறுபதில் ஒரு பங்கு வைக்கிறது. சம்பளத்தில் வாழ்கிறவர்கள் 30,000 ரூபாய்க்கு 500 என்று கணக்கிடலாம். பண்டிகையில் பணம் தொடமாட்டார்கள், எனவே புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் வியாழனன்று அரிசியும் மாவும் வாங்க நேரம் கிடைக்க வேண்டுமே.