1958 வரை லீவே இல்லாத ஸ்காட்லாந்தை விட்டுவிட்டு என்ன பிரிட்டிஷ் கிறிஸ்துமஸ்?

கிளாஸ்கோ குமரன்:
ஈஸ்ட்ஹாம் ரவி போட்ட பதிவைப் பார்த்தேன். "பிரிட்டிஷ்காரர்கள் எல்லோரும் பல நூற்றாண்டுகளாக வான்கோழி, புட்டிங், அரசர் உரை என்று ஒரே மாதிரி கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். எரிச்சலாக வருகிறது. ஸ்காட்லாந்தும் அந்தத் தீவில்தான் இருக்கிறது. இங்கே 1958 வரை டிசம்பர் 25 பொது விடுமுறையே கிடையாது. 1560இல் மதச் சீர்திருத்தம் வந்ததுமே, இந்தப் பண்டிகை பைபிளில் இல்லை என்று திருச்சபை ஒதுக்கிவிட்டது. 1640இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் யூல் என்ற கிறிஸ்துமஸ் கால விடுமுறையைச் சட்டம் போட்டே நீக்கியது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சின்ன வயதில் கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவர். 25ஆம் தேதி விடிகாலையிலும் சங்கு ஊதினால் ஓடியாக வேண்டும் என்பார். எல்லோருமாம், நூற்றாண்டுகளாம்!

ஈஸ்ட்ஹாம் ரவி:
நான் கொண்டாட்டத்தைப் பற்றி எழுதினேன், நீங்கள் லீவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 24ஆம் தேதி இரவு என் தெருக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மின்ஸ் பை என்ற உலர்பழப் பணியாரமும் ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயினும், கலைமானுக்குக் கேரட்டும் எடுத்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் கிராக்கர் என்ற காகிதக் குழல். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் படாரென்று வெடித்து காகிதக் கிரீடம் விழும், வீட்டுத் தாத்தா முதல் பேத்தி வரை அதைத் தலையில் மாட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள். மூன்று மணிக்கு அரசர் உரை. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்காமிலிருந்து வானொலியில் பேசியது தொடங்கி வரும் வழக்கம் அது. அன்று லண்டனில் டியூப் என்ற சுரங்க ரயில் ஓடாது, கிளாஸ்கோவிலும் ரயில் ஓடாது. எதில் வித்தியாசம் கண்டீர்கள்?

கிளாஸ்கோ குமரன்:
1932 என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். ஒரு நூற்றாண்டே இன்னும் முடியவில்லை, அதற்குள் பல நூற்றாண்டா? கிராக்கர் 1840களில் டாம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய்க்காரர் கொண்டுவந்தது. வாழ்த்து அட்டை 1843இல் ஹென்றி கோல் அச்சடித்தது. விக்டோரியா ராணியின் குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையில் வந்த பிறகுதான் மரம் வீடுகளுக்குப் பரவியது. எல்லாம் லண்டன் சரக்கு. எங்கள் ஆட்கள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1958, நினைவிருக்கட்டும்.

லெஸ்டர் செல்வி:
குமரன் அண்ணா, மரத்தை விக்டோரியா கணக்கில் எழுதாதீர்கள். 1800இலேயே மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் வின்சரில் குழந்தைகளுக்காக மரம் அலங்கரித்து வைத்தார். பாவம், அவரை யாருமே சொல்வதில்லை.

கிளாஸ்கோ குமரன்:
"பரவியது" என்று எழுதியிருக்கிறேன் தங்கச்சி, முதலில் வைத்தது யார் என்று நான் எழுதவே இல்லை. ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். போன வருடம் நான் ஹாக்மனே என்ற எங்கள் புத்தாண்டு இரவுக் கொண்டாட்டம் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள்.

லெஸ்டர் செல்வி:
அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்களா? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பழைய ஏடு:
குமரன் தம்பி 1958, 1958 என்று முழங்குகிறார். 1871 வங்கி விடுமுறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கான அட்டவணையில் கிறிஸ்துமஸ் தினம் பளிச்சென்று இருக்கிறது. இங்கிலாந்துக்கான அட்டவணையில் இருப்பது டிசம்பர் 26. 25 அங்கே ஏற்கெனவே வழக்கப்படி விடுமுறை என்பதால் தனியாகப் போடவில்லை.

கிளாஸ்கோ குமரன்:
ஐயா, வங்கி மூடினால் பட்டறை மூடியதா? சுரங்கம் மூடியதா? கிளார்க்குக்குக் கிடைத்த லீவை ஊருக்கே கிடைத்தது என்று எழுதாதீர்கள். ஜனங்களுக்கு லீவு வந்தது 1958இல்தான். அதற்குப் பிறகும் பழக்கம் உடனே மாறவில்லை. 1971 டிசம்பர் 25 அன்று செல்டிக்கும் ஹார்ட்ஸும் கிளாஸ்கோவில் கால்பந்து லீக் ஆட்டம் ஆடின.

ஈஸ்ட்ஹாம் ரவி:
இது ஒரு ஆதாரமா? இங்கிலாந்தில் 1965 கிறிஸ்துமஸ் அன்று பிளாக்பூலும் பிளாக்பர்னும் ஆடின. அப்படியானால் இங்கிலாந்துக்காரனும் கொண்டாடவில்லையா? 1647இல் லண்டன் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடை செய்தபோது கேன்டர்பரியில் ஜனங்கள் கலவரமே செய்தார்கள். பண்டிகை மேல் அவ்வளவு பிடிப்பு. உங்கள் ஊரில் யாராவது அப்படித் தெருவில் இறங்கினார்களா?

கிளாஸ்கோ குமரன்:
கலவரம் செய்தால்தான் பண்டிகையா? நல்ல அளவுகோல். அதுதான் நானும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1660இல் மன்னராட்சி திரும்பி வந்ததும் பண்டிகையும் வந்துவிட்டது. இங்கே 1958 வரை காத்திருந்தோம். இரண்டும் ஒன்றா?

லெஸ்டர் செல்வி:
இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டீர்கள். ஸ்டிர்-அப் ஞாயிறன்று, அட்வென்ட் என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்புக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அது, வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு தடவை புட்டிங் மாவைக் கிளறுவார்கள். பழைய ஆறு பென்னி வெள்ளிக்காசை உள்ளே போடும் வீடுகளும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று விளக்கை அணைத்து, சுடவைத்த பிராந்தியை மேலே ஊற்றிப் பற்றவைத்தால் நீல நிறத்தில் தழல் ஓடும். ரவி அண்ணன் பதிவில் இதில் ஒரு வரிகூட இல்லை.

ஈஸ்ட்ஹாம் ரவி:
புட்டிங் என்று எழுதியிருக்கிறேனே! எல்லாவற்றுக்கும் செய்முறை எழுத முடியுமா?

பழைய ஏடு:
தம்பி, 1871 சட்டத்துக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. அட்டவணையில் இருக்கிறதா, இல்லையா?

கிளாஸ்கோ குமரன்:
இருந்தால் இருக்கட்டும் ஐயா. இங்கே பண்டிகை என்றால் ஹாக்மனே. நள்ளிரவு தாண்டியதும் முதலில் வாசல் மிதிப்பவர் கறுத்த முடிக்காரராக இருக்க வேண்டும், கையில் கரித்துண்டும் விஸ்கியும் இருக்க வேண்டும். ஜனவரி 2 ஸ்காட்லாந்துக்கு விடுமுறை, இங்கிலாந்துக்கு இல்லை. எங்கள் ஜனங்கள் எதைக் கொண்டாடினார்கள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஈஸ்ட்ஹாம் ரவி:
கிறிஸ்துமஸ் பற்றிப் பேசும் இடத்தில் ஜனவரி 2 எதற்கு? என் பதிவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

கிளாஸ்கோ குமரன்:
மாற்றாவிட்டால் போங்கள். "எல்லோரும்" என்ற சொல் அங்கே இருக்கும் வரைக்கும் நானும் கீழே 1958 என்று எழுதிக்கொண்டே இருப்பேன்.

பழைய ஏடு:
அதன் கீழே நான் 1871 என்று எழுதுகிறேன்.